மூன்று பேர் வயலில் நடந்துவிட்டுப் போனார்களே, அதில் என்ன தெரிந்துவிடும்?

கேட்டவர் ஒரு சாலைத் திட்டத்தில் சைட் இன்ஜினியர். கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: "தொல்லியல் அறிக்கை வரும்வரை மண்ணில் கை வைக்காதே என்கிறார்கள். மூன்று பேர் வந்தார்கள், இரண்டு நாள் வயலில் நடந்தார்கள், நாலு ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். இதில் என்ன தெரியும்? பாலத்துக்கும் இதே கதைதானா? ஏதாவது கிடைத்தால் மொத்த வேலையும் நின்றுவிடுமா?"

அந்த மூன்று பேரில் ஒருவனாகப் பல திட்டங்களில் நானும் நடந்திருக்கிறேன். உங்கள் எரிச்சல் புரிகிறது, அதில் பாதி நியாயமும் இருக்கிறது. வெறுமனே நடந்து பார்த்துவிட்டு "இங்கே ஒன்றுமில்லை" என்று எழுதிக்கொடுத்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு கிடையாது. நடை என்பது முதல் படிகளில் ஒன்று, அவ்வளவுதான். மிச்சப் படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாலத்தின் கதையே இருக்கிறது.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஹூட் கால்வாயின் மேல் ஒரு மிதவைப் பாலம் உண்டு. அதைப் புதுப்பிக்கப் பெரிய கான்கிரீட் மிதவைகள் வார்க்க வேண்டியிருந்தது. வார்ப்பதற்கு ஓர் உலர்துறை, அதாவது நீரை வடித்துவிட்டு உள்ளே வேலை செய்யும் பெரிய கடலோரக் குழி, தேவை. போர்ட் ஏஞ்சலஸ் என்ற ஊரின் கடலோரத்தில், மர ஆலை இருந்த பழைய இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்கூட்டிச் செய்த ஆய்வில் எதுவும் தட்டுப்படவில்லை. தட்டுப்பட வழியும் இல்லை, மேலே கிடந்ததெல்லாம் ஆலைக் காலத்தில் கொட்டிய நிரப்பு மண். 2003 ஆகஸ்டில் தோண்டத் தொடங்கிய சில நாட்களிலேயே சிப்பிக் குவியலும் மனித எலும்புகளும் வெளியே வந்தன. கிளாலம் பழங்குடியினரின் சே-விட்-சென் என்ற கிராமம் அது, சுமார் 2,700 ஆண்டுப் பழமை. தோண்டத் தோண்ட 300க்கும் மேற்பட்ட புதைப்புகள். கடைசியில் 2004 டிசம்பரில் அரசு அந்த இடத்தையே கைவிட்டது. கோடிக்கணக்கான டாலர் குழியோடு போயிற்று, மிதவைகளை வேறிடத்தில் வார்த்தார்கள். தங்கள் முன்னோரின் எலும்புகள் இயந்திரத்தில் சிக்கி வந்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற மக்களுக்கு நேர்ந்தது வேறு கணக்கு. அதை எந்த ரூபாயிலும் டாலரிலும் எழுத முடியாது.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அங்கே ஊர் இருந்தது என்பது யாருக்கும் தெரியாத ரகசியமாக இருக்கவில்லை. மூத்தவர்களின் வாய்மொழியிலும் பழைய பதிவுகளிலும் அது இருந்தது.

அதனால்தான் எந்த ஆய்வும் வயலில் தொடங்குவதில்லை, மேசையில் தொடங்குகிறது. பழைய வரைபடங்கள், நிலப் பதிவேடுகள், முந்தைய கண்டுபிடிப்புகளின் பட்டியல், வயல்களுக்கும் மேடுகளுக்கும் ஊரார் வைத்திருக்கும் பெயர்கள், வான்படங்கள், இப்போது லேசர் கதிரால் நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்கும் லைடார் படங்களும். வான்படத்தில் பயிரே காட்டிக்கொடுக்கும். பழைய அகழி தூர்ந்த இடத்தில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருப்பதால் வறட்சியிலும் பயிர் பச்சையாக நிற்கும். புதைந்த சுவரின் மேல் முதலில் காயும். 2018 கோடை வறட்சியில் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் அருகே யாருக்கும் தெரியாதிருந்த ஒரு பெரிய வட்ட அமைப்பு டிரோன் படத்தில் இப்படித்தான் வெளிப்பட்டது. ஆனால் வெள்ள வண்டல் மூடிய நிலத்தில் இந்த வித்தை பலிக்காது. இதை நினைவில் வையுங்கள், பாலத்துக்கு வரும்போது வேண்டும்.

இனி நீங்கள் பார்த்த நடை. ஆளுக்கு ஆள் பத்து, இருபது மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நடப்போம். புதிதாக உழுது, மேலே ஒரு மழையும் விழுந்திருந்தால் யோகம்தான். ஓடுகள் கழுவி வைத்ததுபோல் கிடக்கும். வெயில் சாய்வாக விழும் காலையும் மாலையும்தான் மேடு பள்ளம் தெரிய நல்ல நேரம். உழாத நிலமானால் எலி வளைகளையும் கரையான் புற்றுகளையும் தேடிப் போவோம். அவை நமக்காகக் கூலி வாங்காமல் குழி வெட்டி மண்ணை மேலே தள்ளியிருக்கும். "நாலு ஓட்டாஞ்சில்" என்றீர்களே, எண்ணிக்கையைவிட நாங்கள் பார்ப்பது அதன் ஓரத்தை. முனை மழுங்கிய ஓடு வேறெங்கிருந்தோ எருவோடும் வெள்ளத்தோடும் உருண்டு வந்திருக்கலாம். முனை கூராக, உடைந்த பக்கம் புதிதாக இருந்தால் ஏர்க்கொழு அதைச் சமீபத்தில்தான் கிளப்பியிருக்கிறது, அதன் சொந்த இடம் காலுக்கு அடியிலேயே இருக்கிறது.

அடுத்து காந்தமானி, தரையின் காந்தப்புல வித்தியாசத்தை அளக்கும் கருவி. சுட்ட மண்ணுக்குள் இருக்கும் இரும்புத் துகள்கள் ஆறும்போது பூமியின் காந்தப்புலத்தை அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் சூளையும் அடுப்பும் பளிச்சென்று தெரியும். மேல்மண் நிரம்பிய அகழிகள் மங்கலாகத் தெரியும். பூமியின் புலம் பல பத்தாயிரம் நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு), நாங்கள் தேடும் வித்தியாசமோ சில நானோடெஸ்லா. அதனால் கருவி எடுத்து நடப்பவர் உடம்பில் இரும்பே இருக்கக்கூடாது. பெல்ட் பக்கிள், சாவி, ஜிப் எதுவும் கூடாது. இங்கே ஒரு வேடிக்கை. உங்கள் பாதுகாப்பு அதிகாரி இரும்பு முனை வைத்த ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார், எங்கள் கருவி அந்த ஷூவோடு வேலை செய்யாது. கலப்புப் பிளாஸ்டிக் முனை வைத்த ஷூ என்று ஒன்று கடையில் கிடைக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும்வரை இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்று சமாதானம் பேசிய நாட்கள் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் உறுதி கிடைக்காது. உறுதி தருவது சோதனைக்குழிதான். சாலைக்கென எடுத்த நிலத்தில் இரண்டு மீட்டர் அளவு அகலமும் முப்பது, ஐம்பது மீட்டர் நீளமும் கொண்ட வாய்க்கால்போலக் குழிகளைக் கணக்கிட்டுப் பரப்பி வெட்டுவோம். இங்கிலாந்தில் பொதுவாக மொத்தப் பரப்பில் 2 முதல் 5 சதவீதம். பிரான்ஸில் இன்னும் கூடுதலாக வெட்டுவார்கள். சதவீதத்துக்கு என்ன அர்த்தம் என்றால், இந்த அளவில் ஒரு குடியிருப்பு தப்பாது, தனியாகக் கிடக்கும் ஒற்றைப் புதைகுழி தப்பிவிடலாம். அறிக்கையில் "இல்லை" என்று படிக்கும்போது இந்த அளவோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

குழி வெட்டும் வேலையில் பாதித் திறமை எங்களுடையது இல்லை, ஜேசிபி ஓட்டுநருடையது. பல் வைத்த பக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பல்லில்லாத அகலப் பக்கெட்டை மாட்டச் சொல்வோம். பல் இருந்தால் தரையைக் கீறிக் குழப்பிவிடும், மழுங்கல் விளிம்பு தோசைத் திருப்பிபோல் வழித்துக்கொண்டு வரும். ஒரு வழிப்புக்கு ஐந்து, பத்து சென்டிமீட்டர். நான் பக்கெட்டுக்கு எதிரே, ஓட்டுநர் கண்ணுக்குப் படும்படி நின்று தரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை நான் ஒன்றும் காணாதபோது ஓட்டுநர் கையைத் தூக்கினார்.

"சார், மண்ணு மாறுது."

"எங்கண்ணே? எனக்குத் தெரியலையே."

"கண்ணுக்குத் தெரியாது சார். லீவர்ல தெரியுது. மெதுவாயிடுச்சு."

இறங்கிக் கரண்டியால் சுரண்டினேன். மஞ்சள் களிமண்ணில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கருவட்டம். மேலே தண்ணீர் தெளித்ததும் ஓரம் தெளிவானது. இரண்டு மீட்டர் தள்ளி இன்னொன்று, அதே தூரத்தில் மூன்றாவது. வெயிலில் பத்து நிமிடத்தில் நிறம் வெளிறிவிடும், அதனால் உடனே ஆணியால் கோடு கிழித்து எண் போட்டோம். பிறகு ஒரு வட்டத்தை நடுவில் பிளந்து பாதியை மட்டும் எடுத்தால் பக்கவாட்டில் முழுக்கதையும் நிற்கிறது. நடுவில் மரக்கம்பம் மக்கிப்போன கருமண், சுற்றிலும் கம்பம் ஆடாமலிருக்க யாரோ அடித்து இறுக்கிய கற்கள். சுவர் இல்லை, செங்கல் இல்லை, பொன் இல்லை. ஆனால் அது ஒரு வீடு. நடந்து பார்த்தபோது அங்கே எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஓடு.

இப்படிக் கம்பம் நட்ட குழிகளாக மட்டும் மிஞ்சிய ஓர் இடத்துக்காக ஒரு நாடே சண்டை போட்டிருக்கிறது. அயர்லாந்தில் எம்3 நெடுஞ்சாலைப் பாதையில், பழங்கால மன்னர்களின் இடமாகப் போற்றப்படும் தாரா குன்றுக்கு அருகே லிஸ்மல்லின் என்ற இடத்தில் 2007இல் சுமார் 80 மீட்டர் விட்டமுள்ள வட்ட வளாகம் வெளிப்பட்டது. இரும்புக் காலத்தது. தேசியச் சின்னமாக அறிவித்தார்கள், முழுமையாக அகழ்ந்து பதிவுசெய்தார்கள், அதன்மேல் சாலையும் போனது. 2010இல் சாலை திறந்தது. சரியா தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், சச்சரவு அந்த வட்டத்தில் தொடங்கவில்லை, பாதையைத் தேர்ந்தெடுத்த அன்றே தொடங்கிவிட்டது. தாராவைப்போன்ற ஒரு நிலத்தருகே கோடு போட்டால் ஏதாவது கிடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது பாலம். சாலையின் மற்ற நீளத்துக்கும் பாலத்துக்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் உண்டு. ஆற்றைக் கடக்க நல்ல இடம் எது என்று உங்கள் பொறியாளர்கள் பார்க்கும் அதே காரணங்களைத்தான் மூவாயிரம் ஆண்டுக்கு முன் மாடோட்டி வந்தவனும் பார்த்தான். கரை உறுதி, ஆறு குறுகல், எதிர்க்கரை மேடு. ஆகவே பாலம் போடும் இடம் பெரும்பாலும் பழைய துறையாகவோ பழைய பாலமாகவோ இருந்திருக்கும். துறைகளில் பொருள் தவறி விழும். வேண்டுமென்றே தண்ணீருக்குக் காணிக்கையாகப் போடுவதும் பல நாடுகளில் இருந்தது. லண்டனில் முதல் செல்சி பாலத்துக்காக 1857இல் தேம்ஸ் ஆற்றின் படுகையைத் தோண்டியபோதுதான் பாட்டர்சி கேடயம் கிடைத்தது. வெண்கலத் தகட்டில் சிவப்புக் கண்ணாடி பதித்த அற்புதமான வேலைப்பாடு, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூடவே ஆயுதங்களும் எலும்புகளும் ஏராளமாக வந்தன. எது எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்று குறித்துவைக்க ஆளில்லை. அதனால் கேடயத்தின் காலத்தைக்கூட கி.மு. 350 முதல் 50 வரை என்று அகலமாகத்தான் சொல்ல முடிகிறது. அங்கே நடந்தது சண்டையா காணிக்கையா என்பதும் வாதமாகவே நிற்கிறது. பொருள் தப்பிவிட்டது, செய்தி போய்விட்டது.

ஆற்றோரத்தில் நடந்து பார்ப்பதால் பயன் குறைவு. நாலைந்து மீட்டர் வண்டலுக்கு அடியில் இருப்பதைக் காந்தமானியும் காணாது, எலியும் கிளப்பாது. நிலம் ஊடுருவும் ரேடாரும் ஈரக்களியில் குருடு. இங்கே எங்களுக்குக் கைகொடுப்பது நீங்கள்தான். பைல் அடித்தளத்துக்காக மண் பரிசோதனைத் துளைகள் போடுகிறீர்களே, அவற்றிலிருந்து வரும் உருளை மண் மாதிரிகளைப் பெட்டியில் போட்டு மூலையில் தள்ளாமல் எங்களை ஒருநாள் பார்க்க விடுங்கள். உங்களுக்கு அது தாங்குதிறன், எங்களுக்கு அது பழைய ஆற்றின் வரைபடம். எந்த ஆழத்தில் பழைய ஓடை, எங்கே கரிய சதுப்பு மண், எங்கே மனிதன் நடந்த தரை என்று வண்டல் அடுக்கிலேயே படிக்கலாம். கரிய சதுப்பு மண் வந்தால் இரண்டு பேருமே கவலைப்பட வேண்டும். உங்களுக்கு அது அமுங்கும். எங்களுக்கோ காற்றுப் புகாத அந்த ஈரத்தில் மரம், தோல், கயிறு, விதை எல்லாம் அழியாமல் இருக்கும். அதை எடுத்துக் காப்பாற்ற நாளும் பணமும் பல மடங்கு ஆகும்.

பல மடங்கு என்றால் எவ்வளவு என்பதற்கு இஸ்தான்புல் ஒரு அளவுகோல். பாஸ்பரஸ் நீரிணைக்கு அடியில் போகும் மர்மராய் ரயில் திட்டத்துக்காக யெனிகாபியில் 2004இல் அகழாய்வு தொடங்கியது. வண்டலில் தூர்ந்துபோயிருந்த தியோடோசியஸ் துறைமுகம் அங்கே இருந்தது. 5ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான 37 கப்பல்கள் வெளிவந்தன. அதற்கும் கீழே எட்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட புதிய கற்காலக் குடியிருப்பு, களிமண்ணில் பதிந்த மனிதக் காலடிகள் உட்பட. 2009இல் ஓட வேண்டிய ரயில் 2013 அக்டோபரில்தான் ஓடியது. நகரத்தின் பழைய துறைமுகம் அந்தப் பக்கத்தில் இருந்தது என்பது அறிஞர்களுக்குத் தெரிந்ததுதான், அது இவ்வளவு நல்ல நிலையில் இருக்கும் என்று கால அட்டவணை போட்டவர்கள் எதிர்பார்க்கவில்லை.

கிடைத்தால் வேலை நின்றுவிடுமா என்ற கேள்விக்கு நேரடிப் பதில்: முன்கூட்டித் தெரிந்தால் பெரும்பாலும் நிற்காது. மூன்று வழிகள் உண்டு, அவற்றில் முதலாவது பாதையை விலக்குவது. அயர்லாந்தில் வாட்டர்ஃபோர்டு புறவழிச்சாலைக்குச் சோதனைக்குழி வெட்டியபோது 2003இல் வுட்ஸ்டவுன் என்ற வைக்கிங் குடியிருப்பு தெரிந்தது. ஆயிரக்கணக்கில் பொருட்கள், அதில் வெள்ளி நிறுக்கும் ஈய எடைக்கற்களே ஏராளம். சாலையை நகர்த்தினார்கள், குடியிருப்பின் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. சோதனைக்குழி கட்டத்தில் தெரிந்ததால் அது முடிந்தது. இரண்டாவது, மேலே மணலும் விரிப்பும் போட்டு மூடி, அதன்மேல் கரை எழுப்புவது. காகிதத்தில் அழகாக இருக்கும், எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. கரையின் எடை அடுக்குகளை நசுக்கும், வடிகால் மாறி ஈரமண் காய்ந்தால் உள்ளே இருக்கும் மரமும் போகும். பிறகு யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை என்பதால் கெட்டுப்போனதும் தெரியாது. மூன்றாவது, உரிய நாள் கொடுத்து அகழ்ந்து பதிவுசெய்துவிட்டு நிலத்தை உங்களிடம் தருவது. பெரும்பாலும் நடப்பது இதுதான்.

நாளே இல்லாதபோதும் வழி உண்டு. சிலியில் பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது 2010இல் அட்டகாமா பாலைவனத்தில் புதைபடிவத் திமிங்கலங்கள் வெளிப்பட்டன. நாற்பதுக்கும் மேற்பட்ட கடல் பாலூட்டிகளின் எலும்புக்கூடுகள், சாலை அகலத்துக்குள். எடுப்பதற்கு முன் அவை கிடந்த நிலையிலேயே முப்பரிமாண ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். இன்று எலும்புகள் அருங்காட்சியகத்தில், அவை கிடந்த விதம் கணினியில், மேலே வண்டிகள் ஓடுகின்றன.

யார் பணம் கொடுப்பது? மண்ணைத் தோண்டிக் கட்டுபவரே கொடுக்க வேண்டும் என்பதுதான் இன்று பல நாடுகளின் கொள்கை. அமெரிக்காவில் 1956 நெடுஞ்சாலைச் சட்டம் சாலைப் பணத்தில் தொல்பொருள் மீட்புக்குச் செலவழிக்க அனுமதித்தது. 1966 தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, மத்திய அரசுப் பணமோ அனுமதியோ உள்ள திட்டம் எதுவானாலும் முன்கூட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றது. ஐரோப்பாவில் 1992 வலெட்டா உடன்படிக்கை, பிரான்ஸில் 2001 சட்டம். இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட மத்திய அரசுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று தொல்சின்னச் சட்டத்தின் 2010 திருத்தம் சொல்கிறது. அது தெரிந்த சின்னங்களுக்கு. மண்ணுக்குள் இருக்கும் தெரியாததற்கு ஆய்வுதான் ஒரே வழி.

நான் இந்த வேலையை விரும்புவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. தொல்லியலாளர் தானாக இடம் தேர்ந்தெடுத்தால் மேட்டையும் கோட்டையையும்தான் தேர்ந்தெடுப்பார். சாலைக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. யாரும் ஒருநாளும் தோண்ட நினைக்காத சாதாரண வயல்களின் குறுக்கே அது நேராகப் போகும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கும் ஹன்டிங்டனுக்கும் நடுவே ஏ14 சாலைக்காக சுமார் 34 கிலோமீட்டர், 2016 முதல் 2018 வரை, உச்சத்தில் 250 தொல்லியலாளர்கள் வேலை செய்தார்கள். கி.பி. 269இல் சில வாரங்களே ஆண்ட லேலியானஸ் என்ற ரோமப் பேரரசனின் நாணயம் கிடைத்தது, செய்தித்தாள்கள் அதை எழுதின. எனக்குப் பிடித்தது கருகிய சிறு துணுக்குகள். நுண்ணோக்கியில் பார்த்தபோது அவை பீர் காய்ச்சியதன் எச்சம் என்று தெரிந்தது, கி.மு. 400 அளவில். பிரிட்டனில் பீர் காய்ச்சியதற்கு அதுவே மிகப் பழைய சான்று என்றார்கள். அதைத் தேடி யாரும் அங்கே போயிருக்கமாட்டார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு திட்டத்தில் சாலை அகலம் முழுக்க அங்குலம் விடாமல் பார்த்தோம், ஒன்றுமில்லை, கையெழுத்தும் போட்டேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, கரைக்குக் கிராவல் எடுக்கும் குழியின் சுவரில் சாம்பல் அடுக்கும் பானை ஓடுகளும் வரிசையாக நிற்கின்றன. பாதி மேடு ஏற்கெனவே லாரியேறிப் போய்விட்டது. கிராவல் குழி எங்கள் வரைபடத்திலேயே இல்லை, ஒப்பந்ததாரர் பிறகு சேர்த்துக்கொண்டது. கேட்காமல் விட்டது நான். அதிலிருந்து முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுகிறேன்: மண் எங்கே எடுப்பீர்கள், எங்கே கொட்டுவீர்கள், கலவை ஆலை எங்கே, தொழிலாளர் கொட்டகை எங்கே, லாரி எந்த வழியில் போகும்? உங்கள் திட்டத்தில் இவை ஆய்வு எல்லைக்குள் வருகின்றனவா என்று இன்றே பாருங்கள்.

அறிக்கை வந்த பிறகும் தோண்டும்போது ஏதாவது வெளிவந்தால் செய்ய வேண்டியது இதுதான். பக்கெட்டை அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள், பின்னால் இழுக்கக்கூட வேண்டாம். பொருளைக் கையில் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலையோ பேனாவையோ வைத்துப் படம் எடுங்கள், சாலையின் எந்த மீட்டரில், எவ்வளவு ஆழத்தில் என்று எழுதுங்கள். மரமோ தோலோ என்றால் ஈரச்சாக்கைப் போட்டு மூடுங்கள், வெயிலில் ஒரு மணி நேரம் போதும் அது சுருண்டு வெடிக்க. மனித எலும்பு என்று சந்தேகம் வந்தால் காவல்துறைக்கும் சொல்ல வேண்டியிருக்கும். சுற்றிப் பத்து மீட்டருக்குக் கயிறு கட்டிவிட்டு இயந்திரத்தை அடுத்த பகுதிக்கு நகர்த்துங்கள். பிறகு எங்களைக் கூப்பிடுங்கள்.